கடல கொண்டு வா

கோவில்பட்டி மில் காலனிக்குக் கடல் வந்ததற்கு யார் மேலாவது பழி போட வேண்டுமென்றால் தமிழ் மேல்தான் போட வேண்டும், ஏனென்றால் வறுத்துத் தின்கிற கடலைக்கும் அலையடிக்கிற கடலுக்கும் நடுவில் நம் நாக்கு ஒரு வேலியும் போட்டு வைக்கவில்லை. 'கடல கொண்டு வா' என்று ஒருத்தி போனில் சொன்னால் அவள் கேட்டது கொறிக்கவா குளிக்கவா என்பதைக் கேட்டவன்தான் தன் புத்திக்கு எட்டினபடி முடிவு செய்துகொள்ள வேண்டும். சலேத் கேட்டது கொறிக்க. அவள் தம்பி மிக்கேல் கொண்டு வந்ததோ ஒரு நீல பிளாஸ்டிக் கேனில், மூடியை இறுக்கித் திருகி, மடியில் வைத்து, பஸ்ஸில்.

சலேத் பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே வலைமுனை என்கிற கடற்கரை ஊரில். அவளுடைய அப்பா சூசை அங்கே சொன்ன சொல் மாறாத மனிதர். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் சொல்லிவிட்டால், வேறு பக்கம் திரும்பக் காற்றுக்கே கூச்சமாக இருக்கும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவருடைய மகள், மீனுக்கு ஐஸ் ஏற்றி வந்த வண்டியின் டிரைவர் சீனிராஜைப் பார்த்து, அவன் இவளைப் பார்த்து, இரண்டு பேரும் ஐஸ் பாதி உருகி ஓடுகிற வரைக்கும் வண்டியோரம் நின்று பேசிப் பேசி (அதற்கும் நம் பாஷையில் கடலை போடுவது என்றுதான் பேர், என்ன செய்ய), கடைசியில் ஒரு நாள் அந்த வண்டியிலேயே ஏறிக் கோவில்பட்டிக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டாள். சமாதானம் பேச வந்த மகளை மாதா கோயில் வாசலில் ஊர் பார்க்க நிறுத்தி வைத்து சூசை சொன்னார்: "கடல் எழும்பி வந்து உன் வீட்டு வாசல்ல நிக்கட்டும். அன்னைக்கு நானும் வந்து நிக்கேன்." வரவே மாட்டேன் என்பதைத்தான் மனிதர் அப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னார். கோவில்பட்டியோ கரிசல் பூமி, தண்ணீர் லாரியின் ஹாரன் சத்தத்துக்குத் தெருவே எழுந்து ஓடுகிற ஊர். அங்கே கடல் எப்படி வரும், அப்பா எப்படி வருவார்?

ஆனாலும் சலேத்துக்கு ஆசை விடவில்லை. மகள் செண்பகாவுக்குக் காதுகுத்து வைத்தபோது, மற்றதெல்லாம் எப்படியும் நடக்கும், அப்பா வந்து பேத்தியைத் தொட்டுத் தூக்கினால் அது போதும் என்று சீனிராஜிடம் சொல்லிச் சொல்லிப் புலம்பினாள். வருகிறவர்களுக்குப் பையில் போட்டுக் கொடுக்க லட்டெல்லாம் வேண்டாம், தன் கையாலேயே கடலை வறுத்து மசாலா பிரட்டிக் கொடுப்பேன் என்று முடிவெடுத்தவள், அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கோவில்பட்டிக் கடலை பெருவட்டு, எங்கள் ஊர்ச் செம்மணல் தேரியில் விளைகிற பொடிக் கடலைக்குத்தான் மசாலா பிடிக்கும் என்று வாய் விட்டுச் சொல்லியும் வைத்தாள். கடலை மிட்டாய்க்குப் பேர் போன ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலையை வெளியூரிலிருந்து வரவழைக்கிறாளே என்று காலனிப் பெண்கள் முகத்தைத் தோளில் இடித்துக்கொண்டார்கள். அதையெல்லாம் சட்டை செய்யாமல் அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, வரும்போது கடல கொண்டு வா. நம்ம ஊரு கடலதான் வேணும். முடிஞ்ச மட்டும் கொண்டு வா."

மிக்கேல் அப்போது படகில் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கடலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு, "சரிக்கா, கேட்டுப் பாக்கேன்" என்றான். கடைக்காரரிடம் கேட்பான் என்று அக்கா நினைத்தாள். அப்பா போட்ட நிபந்தனையை அப்பா தலையிலேயே கட்டுகிறாளே, அக்காவுக்கு என்ன மூளை என்று தம்பி நினைத்தான். அவன் கரைக்குப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று, அக்கா கூப்பிடுகிறாள், ஒரு நல்ல காரியம், வந்துவிட்டுப் போ என்று மரியாதையாகக் கேட்டான். வலைமுனைக்கு எதிரே கிடந்த கடல் மட்டும், பக்கத்து ஊர்க் கடலையெல்லாம் தொந்தரவு செய்யாமல், தன் பாட்டுக்கு எழுந்து கேனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கையிரண்டும் கேனைப் பிடித்திருந்ததால் அவன் வேறொன்றும் எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறினான். கேன் அடிக்கடி மூச்சு விட்டதற்காகக் கண்டக்டர் அவனை ஜன்னலோரம் மாறி உட்காரச் சொன்னார், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் கேனை இறக்கி வைத்ததும் சலேத் ஆசையாகத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. உள்ளே தளும்பியது.

"என்ன தம்பி இது? கடலைய தண்ணியில ஊறப்போட்டா கொண்டாந்த?"

"நீ கடல தான கேட்ட?"

"ஆமா, கடலதான் கேட்டேன்."

"அதான், கடல கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லி அவன் மூடியைத் திருகினான்.

கடல் படி இறங்கித் தெருவுக்குப் போய், இடம் வலம் பார்த்து, சாக்கடை மேட்டைத் தாண்டாமல், காலனியின் குறுக்குத் தெருவில் மடிப்பு விரித்த பாய்போல் படுத்துக்கொண்டு அலையடிக்க ஆரம்பித்தது. சத்தம் கேட்டு எதிர் வீட்டுப் பேச்சியம்மாள், "தண்ணி வந்துருச்சு, தண்ணி வந்துருச்சு" என்று கத்தினாள். அடுத்த நிமிஷம் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள் கடலோரம் வரிசைக்கு வந்துவிட்டன, யார் குடம் முந்தி என்று சண்டையும் வந்துவிட்டது, பேச்சியம்மாள் முதல் குடத்தை மொண்டு ஒரு வாய் ஊற்றித் துப்பி, "உப்பு" என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் ஒருத்தியும் குடத்தை எடுக்கவில்லை, வந்த தண்ணீரை விடுவானேன், பாத்திரம் கழுவவாவது ஆகும் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

சலேத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் தம்பியைத் திட்ட வாயைத் திறந்தாள். அப்புறம் வாசல்படியைப் பார்த்தாள். ஒரு அலை வந்து கோலத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. இன்னொரு அலை வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடல் எழும்பி வந்து வாசலில் நிற்கிறது! இனி அப்பா என்ன சாக்குச் சொல்ல முடியும்? தம்பியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் முத்தம் வைத்துவிட்டு அவள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், காதுகுத்து முடிகிறவரை இந்தக் கடல் இங்கிருந்து நகரக் கூடாது என்று செண்பகவல்லி அம்மனுக்கும் பனிமய மாதாவுக்கும் ஒரே மூச்சில் நேர்ந்துகொண்டாள்.

மில் காலனி கடலுக்குப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. இஸ்திரி வண்டிக்காரர் வண்டியை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டார். பைக்கை எடுக்கிறவர்கள் சைலன்சரைத் தட்டி நண்டு இல்லையென்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யப் பழகினார்கள். வார்டு கவுன்சிலர், கடல் தன்னுடைய பெருமுயற்சியால் வந்தது என்று ஒரு பேனர் வைத்தார்; அதைக் கடல் காற்றே இரண்டாம் நாள் பிய்த்துக்கொண்டு போனது. திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டவர்கள் சிலர், பஸ்ஸுக்கு ஆகிற செலவு மிச்சமென்று இங்கேயே முழுக்குப் போட்டு அங்கே இருக்கிற முருகனைத் திசை பார்த்துக் கும்பிட்டார்கள். சாயங்காலமானால் ஜனம் காலை நனைக்க வந்து நின்றது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து முதல் தடவையாகப் புருஷன் கையைத் தெருவில் பிடித்ததாகப் பேச்சியம்மாள் சலேத்திடம் சொன்னாள், அலை இழுத்ததாம்.

ஒரே ஒருவருக்குத்தான் கடல் ஆகவில்லை. காலனியில் மிட்டாய்ப் பட்டறை வைத்திருந்த தனுஷ்கோடி அண்ணாச்சி, பேர்தான் அப்படி, பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. பார்த்ததும் அவருக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. உப்புக்காற்று பட்டு அவர் பட்டறைக் கடலை மிட்டாயெல்லாம் நமுத்துப் போனது. கடித்தால் நொறுங்க வேண்டிய மிட்டாய் பல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி நாலு பட்டறைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சலேத் வீட்டுக்கு வந்து, வேட்டியைத் தொடை வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றபடியே, இந்த ஊர் கடலையால் பிழைக்கிற ஊர், கடலால் பிழைக்கிற ஊர் இல்லை, உன் தம்பியை இன்றைக்கே இதை அள்ளிக்கொண்டு போகச் சொல் என்று கறாராகச் சொன்னார். காதுகுத்துக்கு இன்னும் நாள் இருந்தது. வலைமுனையிலிருந்து அப்பாவின் சேதி ஒன்றும் வரவில்லை.

சலேத் கெஞ்சவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். தேரிக் கடலைக்கு வழியில்லாமல் போனதால், பெருவட்டு என்று தான் பழித்த கோவில்பட்டிக் கடலையையே வாங்கி, தெருவில் கிடந்த கடலை ஒரு சட்டியில் மொண்டு அதில் ஊறப் போட்டு வடித்து, துணியில் உலர்த்தி வைத்திருந்தாள். கடல் தன்னோடு கொண்டு வந்திருந்த பொடி மணலை இருப்புச் சட்டியில் கொட்டி, மணல் புகைகிற பதம் வந்ததும் கடலையைப் போட்டு, கரண்டியை நிறுத்தாமல் கிண்டினாள். தோல் படபடவென்று வெடித்தது. சல்லடையில் கொட்டி மணலைச் சலித்து, சூடு ஆறுகிறதற்குள் நல்லெண்ணெயில் பொரித்த பூண்டையும் கறிவேப்பிலையையும் நொறுக்கிப் போட்டு, மிளகாய் வத்தல் பொடி தூவி, முறத்திலேயே குலுக்கிக் குலுக்கிப் பிரட்டி, அப்படியே கொண்டு வந்து அண்ணாச்சி கையில் ஒரு பிடி வைத்தாள். உப்புக்காற்றில் நின்றபடியே அவர் ஒன்றை வாயில் போட்டார். அந்த நொறுக்குச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. இன்னொன்று போட்டார். கடலில் ஊறிக் கடல் மணலில் வறுபட்டதைக் கடல் காற்று என்ன செய்துவிடும்? அண்ணாச்சி கேட்டதையெல்லாம் மறந்து, எண்ணெய் எத்தனை கரண்டி என்று கேட்டார். வேட்டி எப்போது கையை விட்டு நழுவித் தண்ணீரில் நனைந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு காலனியைக் கேட்க வேண்டுமா! வீட்டுக்கு வீடு இருப்புச் சட்டி ஏறியது. பேச்சியம்மாள் வீட்டில் மிளகும் சீரகமும், டீச்சர் வீட்டில் மாங்காய் வத்தலைப் பொடித்துப் போட்ட புளிப்புக் கடலை, புதிதாகக் கல்யாணமான ஜோடி வீட்டில் கருப்பட்டிப் பாகில் சுக்குத் தட்டிப் போட்டுச் செய்தது, அது கொஞ்சம் தீய்ந்தது, ஏன் தீய்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணாச்சி பட்டறையில் எலுமிச்சை இலையும் வெள்ளைப் பூண்டும் வைத்து ஒன்று கண்டுபிடித்து, யாருக்கும் பக்குவம் சொல்லாமல், எல்லோருக்கும் சாப்பிட மட்டும் கொடுத்தார். ஒரு வீட்டுக் கிண்ணம் இன்னொரு வீட்டுக்குப் போய் வேறு ருசியோடு திரும்பி வந்தது. பகலெல்லாம் வறுக்கிற சத்தமும் அலைச் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, எது கடலை எது கடல் என்று காதுக்குப் பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. அந்த வாசனை காலனியைத் தாண்டி, எட்டயபுரம் ரோட்டைப் பிடித்து, கிழக்கே திரும்பி, மெல்ல மெல்ல வலைமுனைக்கே போய்ச் சேர்ந்தது.

வலைமுனையில் படகெல்லாம் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தன. ஊர்க்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மிக்கேலுக்குப் போன் போட்டு, ஏல, கடல எங்கல கொண்டுட்டுப் போன என்று கேட்டுக் கேட்டு, அவன் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டான். சூசை மட்டும் யாருக்கும் போன் போடவில்லை. வெறுங்கரையில் நின்று காற்றை மோந்து பார்த்தவர், வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துடுப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார் என்று பிற்பாடு தெரிந்தது.

காதுகுத்து நாளும் வந்தது. பந்தலுக்குள் கணுக்கால் தண்ணீரில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சீனிராஜின் சொந்தக்காரர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமன் மிக்கேல் மடியில் செண்பகா பூப்போட்ட சட்டையோடு உட்கார்ந்து கடலைக் காலால் அடித்துக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்துவிட்டு, தோடு எங்கே என்று கேட்டார். பேச்சியம்மாள் உரித்து ஓரமாகக் குவித்திருந்த கடலைத் தோட்டைக் கை காட்டினாள். அது இல்லையம்மா, காதுத் தோடு என்றார் ஆசாரி. எல்லோரும் மிக்கேலைப் பார்த்தார்கள். மிக்கேலின் முகம் செத்துப் போனது. வாங்கி வைத்திருந்த தோடு வலைமுனையில் அலமாரிக்குள் இருந்தது; கையிரண்டும் கேனைப் பிடித்திருந்ததில் மறந்தே போனான். தாய்மாமன் வெறுங்கையோடு வந்திருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் காதைக் கடித்தார்கள். சலேத்துக்குத் தலை நிமிரவில்லை. அப்பாவும் வரவில்லை, அம்மா வீட்டுச் சீரும் வரவில்லை, ஒரு கடலை வரவழைத்து என்ன பிரயோசனம் என்று நினைத்தவள் கடலைத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போய்விட்டாள்.

அப்போது கடல் அலையடிப்பதை நிறுத்தியது.

தெருமுனையில் சூசை நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் துடுப்பு. வந்தவர் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். கூட்டம் விலகியது. தண்ணீரும் கொஞ்சம் விலகியது. பந்தலுக்கு முன்னால் வந்து துடுப்பை ஊன்றி நின்றுகொண்டு, வானத்தைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார்.

"நான் உன் வீட்டுக்கு வரல. எங்க ஊரு கடலத் தேடி வந்தேன். எங்க நிக்கு அது?"

சலேத் வாசல்படியில் நின்றாள். மறுபடியும் எழும்பிய அலை அவள் காலையும் படியையும் தொட்டுக்கொண்டிருந்தது. "எங்க வாசல்லதான் நிக்கு, யப்பா" என்றாள்.

சூசை குனிந்து பார்த்தார். மாதா கோயில் வாசலில் ஊர் கேட்கச் சொன்ன தன் வார்த்தை அந்தப் படியில் வந்து மோதி நுரைத்துக்கொண்டிருந்ததை அவரும் பார்த்தார், ஊரும் பார்த்தது. தாடை ஒரு தடவை அசைந்தது. சலேத் தாம்பாளத்திலிருந்து ஒரு பிடி கடலையை அள்ளி நீட்டினாள். அவசரத்தில் பாதி தண்ணீரில் விழுந்தது. மீதியை அவர் வாங்கிக்கொண்டார். வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"நான் இவன்கிட்ட கடலதான் கேட்டேன்" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக. "இவன் கடல கொண்டாந்துட்டான்."

சூசைக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவர் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. வலைமுனையில் அவர் சிரித்துக் கேட்டவர்கள் குறைவு, கடலே ஒரு அடி பின்வாங்கியது. ஆசாரி நல்ல நேரம் போகிறது என்று முனகினார். சூசை சட்டைப் பைக்குள் கையை விட்டு, ரோஸ் தாளில் மடித்த பொட்டலம் ஒன்றை எடுத்து மிக்கேல் பக்கம் நீட்டி, "கூறுகெட்ட பய, தோட்ட மறந்துட்டு வந்திருக்கான்" என்றார்.

மிக்கேல் பிரித்துப் பார்த்தான். பொடிச் சிப்பி வடிவத்தில், குழந்தைக் காதுக்கென்றே அளவாகச் செய்த தங்கத் தோடு.

"யப்பா, நான் வாங்குனது இது இல்லையே. அது கல்லு வச்சதுல்லா."

"வாய மூடுல" என்றார் சூசை.

வாயை மூடினான். ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. எப்போது செய்யச் சொன்னார், எத்தனை நாளாகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு எடுத்து எடுத்துப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஆசாரி ஊசியை வைத்தபோது செண்பகா வீரிட்டாள், சூசை அவளைப் பிடுங்காத குறையாக மிக்கேல் மடியிலிருந்து தூக்கி, பாதத்தைக் கடலில் நனைத்தார், அழுகை நின்றது. சீனிராஜ் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து, மாமா, உட்காருங்க என்று நாற்காலி போட்டான். ஐஸ் வண்டி இப்போதும் ஓட்டுறீயளா என்று அவர் கேட்டார். மரியாதையாகக் கேட்டார். சலேத் உள்ளே ஓடிப்போய் சும்மா கிடந்த அடுப்பை மறுபடியும் பற்ற வைத்தாள், சந்தோஷத்தில் என்ன வறுக்கிறோம் என்று தெரியாமல் உளுந்தை வறுத்துவிட்டாள்.

சாயங்காலம் கிளம்ப வேண்டியிருந்தது. ஊரில் படகுகள் சேற்றில் கிடக்கின்றன, கடல் போயாக வேண்டும். காலனிக்காரர்கள் கரையோரம் வரிசையாக நின்றார்கள். அண்ணாச்சி, கடலை ஊறப்போட வேண்டும் என்று இரண்டு குடம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். சூசை கேனைத் தண்ணீரோரம் சாய்த்து வைத்து, போவமா என்றார். கடல் தெருவிலிருந்து தன்னைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனது. சலேத் படியிலேயே நின்றாள். ஈரம் காய்கிறதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டாள்: இனி வாசலில் கடல் இருக்காது, அப்பா சொன்ன சொல் மாறாதவர்.

சூசை மூடியைத் திருகப் போனவர் நிறுத்தினார். சுற்றும் முற்றும் பார்த்தார். படிக்குப் பக்கத்தில் யாரும் ஆட்டாமல் கிடந்த பழைய ஆட்டுரல் ஒன்று கண்ணில் பட்டது. கேனைத் தூக்கிச் சாய்த்து அதன் குழி நிறையக் கடலை ஊற்றினார். குழிக்குள் ஒரு சின்ன அலை எழும்பி, விளிம்பில் மோதி, அடங்கியது.

"இது எதுக்குப்பா?" என்றாள் சலேத்.

"கடல் வாசல்ல நின்னாத்தான வருவேன்னு சொன்னேன்?" என்று மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னார் சூசை. "நிக்கட்டும்."

இப்போது மில் காலனியில் பௌர்ணமிக்கு ஆட்டுரல் பொங்கி வழிகிறது, துடைக்க ஒரு துணியைப் பக்கத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். போன வாரம் சலேத்துக்கு ஒரு போன் வந்தது. அந்தப் பக்கம் காற்றும் அலையும் எஞ்சினுமாக ஒரே இரைச்சல்.

"ஏட்டி, கடல தீந்துபோச்சி" என்றார் அப்பா. "நாளைக்கு வாரேன்."

எந்தக் கடலை என்று சலேத் கேட்கவே இல்லை. ஆட்டுரலை எட்டிப் பார்த்தாள், நிறைந்திருந்தது. இருப்புச் சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்தாள்.